பொசிவின் கணக்கு: காவிரி டெல்டாவின் குடிநீர்

பிலிகுண்டுலு அளவீட்டு நிலையத்தைக் கடந்து ஆண்டுதோறும் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய காவிரி நீர் 177.25 டி.எம்.சி. என்று 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. தஞ்சை மண்ணில் டீக்கடைப் பெஞ்சுகளில்கூடப் புழங்கும் எண்கள் இவை. இவற்றின் பக்கத்தில் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தஞ்சாவூர், திருவாரூர், (மயிலாடுதுறை பிரிவதற்கு முந்தைய) நாகப்பட்டினம் ஆகிய மாவட்டங்களில் வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய 53 லட்சம் பேர். ஊரகக் குடிநீருக்கென ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். பெருக்கினால் ஆண்டுக்கு 3.75 டி.எம்.சி. வருகிறது. ஆளுக்கு 100 லிட்டர் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஏழு டி.எம்.சி.யைத் தொடாது. 2007இல் வந்த காவிரி நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு, தடுக்க முடியாமல் கடலுக்குப் போய்விடும் நீர் என்று மட்டுமே 4 டி.எம்.சி.யை ஒதுக்கியிருந்தது. டெல்டா முழுவதற்குமான ஓராண்டுக் குடிநீர் அதைவிடக் குறைவு.

வயலோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். ஒரு போக நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் நீர் என்று கொண்டால், ஓர் ஏக்கர் குடிக்கும் தண்ணீர் 48 லட்சம் லிட்டருக்கு மேல். அந்த ஓர் ஏக்கர் நீரைக் கொண்டு 240 பேருக்கு ஆண்டு முழுவதும் 55 லிட்டர் வீதம் கொடுக்கலாம்.

இப்படிப்பட்ட நாட்டில்தான் வேதாரண்யத்திலும் தலைஞாயிற்றிலும் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடை ஊர்களிலும் குடம் வரிசையில் நிற்கிறது, இருபது லிட்டர் கேன் வாசலுக்கு வருகிறது. நீர் பற்றாது என்ற பழைய விளக்கம் இங்கே செல்லாது. நான் இங்கே முன்வைப்பது வேறொன்று. டெல்டாவின் குடிநீர் தனியாக நிர்வகிக்கப்பட்ட நீராக இருந்ததே இல்லை. வயலுக்கு ஓடிய நீரிலிருந்து குளத்திலும் கிணற்றிலும் ஆற்று மணலிலும் பொசிந்து நின்றதைத்தான் ஊர் குடித்தது. பாசனத்துக்குக் கணக்கு வைத்தார்கள். பொசிவுக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. அதனால் அது குறைந்தபோது எந்தப் பதிவேட்டிலும் குறையாகத் தெரியவில்லை.

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. ஜூன் 12இல் திறப்பது, ஜனவரி 28இல் மூடுவது என்பது வழக்கம். ஆக 231 நாள் ஓட்டம், 134 நாள் வறட்சி. ஓடும் காலத்தில் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும் நீர், கீழே குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு, ஓடம்போக்கி என்று கிளைத்துக்கொண்டே போகும். ஒவ்வொரு கரையும் கசியும். வாய்க்காலிலிருந்து மதகு வழியே ஊர்க்குளத்துக்குத் தண்ணீர் ஏறும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை அதன்மேல் சேரும். தை பிறக்கும்போது குளம் தளும்பி நிற்க, அதைச் சுற்றியுள்ள கிணறுகள் மேலே வந்திருக்கும். கோடையின் நாலரை மாதத்தை ஊர் கடந்தது இந்த இருப்பை வைத்துத்தான். சித்திரையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, தெளியவிட்டு, அகப்பையால் மொண்டார்கள். குடிக்க ஒரு குளம், குளிக்க ஒரு குளம், மாடு இறங்க ஒரு குட்டை என்று பிரித்து வைத்ததும் இந்த ஏற்பாட்டின் ஓர் அங்கம். நல்லதண்ணீர்க் குளத்தில் கால் நனைத்தால் ஊர் கேள்வி கேட்கும்.

ஆனால் அந்தப் பிரிவினையில் இன்னொரு கோடும் ஓடியது. தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள், கோயிலுக்கு நெல் அளக்கும் ஊர்களில் வரி நீங்கிய நிலங்களைக் குறிக்கும்போது குளங்களையும் வாய்க்கால்களையும் மட்டுமல்ல, சேரிகளையும் தனித்தனியே எண்ணிச் சொல்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குடியிருப்பு சாதிவாரியாகப் பிரிந்திருந்தது என்பதற்கு அது கல்லில் நிற்கும் சாட்சி. குடியிருப்பு பிரிந்த இடத்தில் நீர்த்துறையும் பிரிந்தது. நடவு நட்டு, களை பறித்து, இந்த நாட்டை நெற்களஞ்சியமாக்கியவர்களின் தெருவுக்கு வாய்த்தது பெரும்பாலும் வாய்க்கால் தண்ணீரும் குட்டைத் தண்ணீரும்தான். பொதுக் கிணறும் குளமும் சாலையும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்று 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். அம்பேத்கரின் மகாத் குளப் போராட்டத்துக்கு மூன்று ஆண்டுகள் முன்பு நடந்தது அது. தீர்மானம் நிறைவேறி ஏறக்குறைய நூறாண்டு ஆகும் வேளையில், 2022 டிசம்பரில், டெல்டாவை ஒட்டிய புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. குடிநீரின் தரம் பற்றி எழுதும் எவரும் குளோரைடும் நைட்ரேட்டும் மட்டும் பேசிவிட்டு இதைத் தாண்டிப்போக முடியாது. பழைய குளங்களைப் பற்றிய ஏக்கத்தோடு பேசுகிறவர்களும், அந்தக் குளத்தில் யாரெல்லாம் குடம் வைக்க முடிந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பொசிவை நம்பாமல் குடிநீருக்கென்றே திட்டமிட்ட ஏற்பாடு, விதிவிலக்காக, டெல்டாவின் தலைநகரில் ஒன்று இருந்தது. தஞ்சைக் கோட்டைக்கு வெளியே, 16ஆம் நூற்றாண்டில் ஆண்ட செவ்வப்ப நாயக்கர் பெயரால் ஓர் ஏரி. மேட்டு நிலத்து மழைநீர் அதில் சேர்ந்து, வண்டல் அடியில் படிந்தபின், தெளிந்த நீர் மட்டும் நிலத்தடிக் குழாய்கள் வழியே பெரிய கோயிலை ஒட்டிய சிவகங்கைக் குளத்துக்குப் போகும். அங்கிருந்து ஐயன்குளம், சாமந்தான்குளம் என்று நகருக்குள் பகிரப்படும். ஜலசூத்திரம் என்று அதற்குப் பெயர். தஞ்சையில் ஆறு வடக்கே தாழ்வில் ஓடுகிறது, கோட்டையோ மேட்டில். ஆற்றை மேலே ஏற்ற முடியாத இடத்தில் மழையைத் தேக்கி, ஈர்ப்பு விசையால் மட்டுமே நகருக்குத் தண்ணீர் ஊட்டியிருக்கிறார்கள். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இந்தக் குளங்களைச் சீரமைத்தபோது பழைய நிலத்தடி நீர்வழி மீண்டும் கண்ணில் பட்டது. ஏரியின் பெயர் இன்று ஒரு குடியிருப்புப் பகுதிக்கும் பெயராகிவிட்டது. தஞ்சை மாநகருக்கான தண்ணீர் இப்போது திருமானூர் அருகே கொள்ளிடத்து மணலிலிருந்து மோட்டாரில் ஏறி வருகிறது.

கடைமடையின் நிலைமை வேறு. அங்கே பிரச்சினை நிலத்தின் அடியிலேயே இருக்கிறது. டெல்டாவின் கிழக்குப் பகுதி, ஆறு கொண்டுவந்த வண்டல் ஆழமற்ற கடலில் படிந்து உருவான நிலம். களிமண் அடுக்குகளுக்கிடையே பழைய உவர்நீர் இன்னும் சிறைப்பட்டிருக்கிறது. பழைய ஆற்றுத் தடங்களின் மணலில் மட்டும் நல்ல தண்ணீர் ஊறும். அதனால்தான் ஒரே ஊரில் ஒரு தெருவின் அடிபம்பு இனிக்கும், அடுத்த தெருவில் வாயில் வைக்க முடியாது. கடலோரத்தில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது. அதன் கணக்கை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கைபன் என்ற டச்சுப் பொறியாளரும், 1901இல் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியே கண்டு சொன்னார்கள். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் நாற்பது மீட்டர் வரை உவர்நீரை அது அழுத்தி வைத்திருக்கும். மேலே ஓர் அடி குறைந்தால் அடியிலிருந்து நாற்பது அடி உப்பு மேலேறும். வாய்க்காலில் ஓட்டம் குறைவதும், குளம் நிரம்பாமல் போவதும், ஆழமற்ற குழாய்க் கிணறுகளின் (பில்டர் பாயிண்ட்) மோட்டார்கள் கோடை நெல்லுக்கு இடைவிடாமல் ஓடுவதும் கடைமடையில் எப்படிக் குடிநீர்ப் பிரச்சினையாக மாறுகின்றன என்பதை இந்த ஒற்றைக் கணக்கு சொல்லிவிடுகிறது. மாநில நிலத்தடி நீர் மதிப்பீட்டில் நாகை மாவட்டத்தின் பல குறுவட்டங்கள் ‘உவர்’ என்ற தனிப் பிரிவில் வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பொறுத்தவரை எவ்வளவு இறைக்கலாம் என்ற கேள்விக்கே இடமில்லை.

வேதாரண்யத்தில் இந்த மிதக்கும் நீரைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு பக்கம் அகஸ்தியம்பள்ளி உப்பளங்கள். 1930 ஏப்ரல் இறுதியில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பு அள்ளிய பூமி. மறுபக்கம் பழைய கடற்கரைகள் விட்டுச்சென்ற மணல் மேடுகள். மழை அந்த மணலில் இறங்கி மெல்லிய நன்னீர்ப் படலமாக நிற்கும். ஆழம் குறைந்த கிணறு தோண்டி, அளவாக இறைத்தால் கிடைப்பது நல்ல தண்ணீர். ஆழ்துளை போட்டால் உப்பு. மோட்டார் வைக்காதவரை அந்த மேடுகள் மக்களைக் காப்பாற்றின.

உப்பு மேலேறுவதற்கு வறட்சி மட்டும் காரணமல்ல. 1990களில் நாகைக் கடலோரத்து நெல்வயல்களில் இறால் பண்ணைகள் வந்தன. கடல்நீரை உள்ளே கொண்டுவந்து குளங்களில் நிறுத்தினார்கள். அந்த உப்பு பக்கத்துக் கிணறுகளில் இறங்கியது. நிலமற்ற உழைப்பாளர்களுக்காக வாழ்ந்த சர்வோதயத் தலைவர்கள் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் இதை எதிர்த்து ஊர் ஊராக மக்களைத் திரட்டினார்கள். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்ற ஆணையிட்டது. பாழாக்கியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. குடிநீர்க் கிணறு உவராவதை உயிர்வாழும் உரிமையோடு சேர்த்துப் பார்த்த தீர்ப்புகளில் அது முக்கியமானது. ஆனால் 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், பதிவு பெற்று நடக்கும் பண்ணைகளுக்கு மீண்டும் வழி திறந்தது. வென்ற வழக்கின் பலன் ஒன்பதே ஆண்டில் கரைந்ததை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

இங்கே 2018 தீர்ப்புக்குத் திரும்ப வேண்டும். நடுவர் மன்றம் பிலிகுண்டுலுவில் தரச் சொன்னது 192 டி.எம்.சி. உச்ச நீதிமன்றம் அதிலிருந்து 14.75 டி.எம்.சி.யைக் குறைத்துக் கர்நாடகத்துக்குக் கொடுத்தது. அதில் 4.75 பெங்களூரு நகரத்தின் குடிநீர் முதலிய தேவைக்கு. மீதி 10 டி.எம்.சி. எதற்காக? தமிழ்நாட்டின் காவிரிப் பகுதியில் நிலத்தடி நீர் 20 டி.எம்.சி. இருப்பதாக மதிப்பீடு உள்ளது, அதில் பாதியையாவது கணக்கில் எடுக்கலாம் என்ற காரணத்தால். அளவுக்கு மீறி உறிஞ்சுவதன் ஆபத்தை உணர்ந்துதான் பாதியோடு நிறுத்தியதாக நீதிமன்றமே குறிப்பிடுகிறது. அந்த எச்சரிக்கையை மதிக்கிறேன். ஆனாலும் அதன் தர்க்கத்தில் ஒரு பிழை இருக்கிறது. டெல்டாவின் நிலத்தடி நீர் ஆற்றுக்கு வெளியே தனியாகக் கிடக்கும் சொத்து அல்ல. மழை தருவது போக மிச்சம், ஆறும் வாய்க்காலும் நனைந்த வயலும் கசிந்து தந்தவை. ஆற்றில் பத்தைக் குறைத்து, அடியில் பத்து இருக்கிறது என்று சொல்வது, ஒரே நீரை இரண்டு பக்கமும் எழுதுவதாகும். ஒரு மாநகரத்தின் தாகத்துக்கு அந்தத் தீர்ப்பில் பெயரும் எண்ணும் கிடைத்தன. கடைமடைக் கிணறுகளின் தாகம் பாசனக் கணக்குக்குள் அமுங்கிப்போனது.

பொசிவு போன இடத்துக்குக் குழாய் வந்தது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971இல் அமைக்கப்பட்டது. கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் என்ற பெயரில், கொள்ளிடத்து மணலில் இறக்கிய கிணறுகளிலிருந்து வேதாரண்யம் வரை அது தண்ணீர் கொண்டுபோயிருக்கிறது. மறுக்க முடியாத சாதனை இது. தலையில் குடம் சுமந்து நடந்த பெண்களுக்கு அதன் அருமை தெரியும். இன்று கொள்ளிடமும் காவிரியும் டெல்டாவுக்கு மட்டும் குடிநீர் தருவதில்லை. திருச்சி அருகே எடுக்கும் காவிரி நீர் ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வழியாகச் சேதுக்கரை வரை போகிறது. அணைக்கரையிலிருந்து வடவாறு வழியே வீராணம் ஏரிக்குப் போகும் நீர், 2004 முதல் சென்னைக்கு ஏறுகிறது.

இத்தனை பேருக்கும் சுத்திகரிப்பு நிலையமாக இருப்பது ஆற்று மணல். மணலின் வேலையை உலகம் ஒரு பேரிடரில் கற்றது. 1892இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் குடித்தது. காலராவில் சுமார் 8,600 பேர் இறந்தார்கள். அதே ஆற்றில் இன்னும் கீழே, அதைவிட அழுக்கான நீரை எடுத்த அல்டோனா நகரம், மணலில் வடிகட்டிக் குடித்ததால் பெரும்பாலும் தப்பியது. இரு நகரங்களின் எல்லைத் தெருவில் ஒரு பக்கம் சாவு, மறுபக்கம் பிழைப்பு. அல்டோனா காசு செலவழித்துக் கட்டிய மணற்படுகையைக் காவிரி நமக்குச் சும்மா கொடுத்தது. அதை நாம் லாரி லாரியாக அள்ளினோம். மணல் குறையும்போது ஆற்றின் படுகை தாழ்கிறது, அதில் நிற்கும் நீரின் உயரமும் தாழ்கிறது. கிணற்றின் உறிஞ்சு குழாய்கள் வெளியே தெரியத் தொடங்குகின்றன. வடிகட்டும் தடிமன் போய், கலங்கல் நேராக உள்ளே வருகிறது. முகத்துவாரத்தில் கடல் ஆற்றுக்குள் இன்னும் தூரம் ஏறுகிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் உடைந்து போயின. 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய அணை அது. அதே வெள்ளத்தில் திருச்சியின் பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்களும் சரிந்தன. வயதும் ஒரு காரணம்தான். ஆனால் காலடி மணல் போன கட்டடம் எவ்வளவு நாள் நிற்கும்? 2023இல் மணல் கொள்ளை குறித்த விசாரணையில் தஞ்சாவூர், திருச்சி, கரூர், அரியலூர், வேலூர் மாவட்ட ஆட்சியர்களுக்கு அமலாக்கத் துறை அழைப்பாணை அனுப்பியது. பணமும் வரியுமே அதில் செய்தியாயின. அந்த மணல் அத்தனை லட்சம் பேரின் குடிநீர் வடிகட்டி என்பது பேச்சிலேயே வரவில்லை.

குழாய்க்கு இன்னொரு பலவீனமும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் இடையே கரையேறியது. மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரம் வாரக்கணக்கில் வரவில்லை, மோட்டார் ஓடவில்லை. ஊர் ஊராகப் பணம் திரட்டி ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து மேல்நிலைத் தொட்டியை நிரப்பினார்கள். பக்கத்தில் குளம் இருந்தும் குடிக்கும்படியாக இல்லை.

தரம் பற்றிப் பேசாமல் அளவைப் பற்றி மட்டும் பேசுவது பாதிப் பேச்சு. இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயம் கரைந்த உப்புகளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று ஏற்கத்தக்க அளவை வைத்துவிட்டு, வேறு வழியில்லையென்றால் 2,000 வரை போகலாம் என்கிறது. கடைமடை மக்களின் வாழ்க்கை அந்த ‘வேறு வழியில்லை’ என்ற பத்தியிலேயே கழிகிறது. நைட்ரேட்டுக்கு 45 மில்லிகிராம்தான். அதற்கு மேல் சலுகை கிடையாது. யூரியாவும் கழிவுநீர்க் குழியும் அடுத்தடுத்து இருக்கும் ஆழமற்ற கிணறுகளில் கவனிக்க வேண்டியது இதைத்தான். நைட்ரேட்டுக்கு ருசி இல்லை, நிறமும் இல்லை. கைக்குழந்தையின் ரத்தத்தில்தான் முதலில் தெரியும். ஆற்றின் மேல்பகுதியில் திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யல் வழியே காவிரியில் கலந்த கதையும் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொன்னதும் தெரிந்தவை. அதன் கீழே நகரங்களின் சாக்கடை. உவரிலிருந்து தப்ப ஆர்.ஓ. இயந்திரம் வாங்குகிறார்கள், அது தரும் நீரைவிட அதிகமாகக் கழிவாக விடும் உப்புக் கரைசல், பக்கத்து வாய்க்காலிலேயே போய்ச் சேர்கிறது. ருசியை நம்பித் தண்ணீரைத் தேர்ந்தெடுப்பதன் ஆபத்துக்கு வங்கதேசம் சாட்சியாக இருக்கிறது. நீருக்குப் பஞ்சமே இல்லாத அந்த டெல்டாவில், குளத்து நீரின் கிருமிகளிலிருந்து காப்பாற்ற லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். தெளிந்த, குளிர்ந்த அந்த நீரில் ஆர்செனிக் இருப்பது 1993இல்தான் தெரிந்தது. காவிரியில் அப்படிப்பட்ட பேரிடர் இல்லை. ஆனால் சோதிக்காத தெளிவை நம்பக்கூடாது என்ற பாடம் இங்கேயும் பொருந்தும்.

நாகப்பட்டினத்தை 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்கள் வைத்திருந்தார்கள். அவர்களுடைய சொந்த நாட்டிலும் தலைநகர் ஆம்ஸ்டர்டாமுக்கு அன்று நல்ல தண்ணீர் கிடையாது. படகில் கொண்டுவந்து விற்றார்கள். 1853இல் ஆம்ஸ்டர்டாம் தன் கடற்கரை மணல் மேடுகளில் ஊறிய மழைநீரைக் குழாயில் எடுத்தது. அளவு மீறி எடுத்தபோது அடியிலிருந்து உப்பு ஏறியது. 1957 முதல் ரைன் ஆற்று நீரைத் தெளியவைத்து, அந்த மேடுகளுக்குள் இறக்கி, ஊறவிட்டு, பிறகு எடுத்துக் குடிக்கிறார்கள். ஆண்டுக்கு 800, 900 மில்லிமீட்டர் மழை பெறும் நாடு அது. வேதாரண்யம் அதைவிட அதிக மழை பெறுகிறது. மேடுகளும் இருக்கின்றன, வெள்ளக் காலத்தில் கொள்ளிடம் வழியே கடலுக்குப் போகும் நீரும் இருக்கிறது. பொசிவைத் தற்செயலாக விடாமல் திட்டமாகச் செய்ய முடியும் என்பதற்கு எழுபதாண்டு அனுபவம் கண்முன்னே உள்ளது. கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் ஆதனூருக்கும் குமாரமங்கலத்துக்கும் இடையே எழுந்த கதவணை, கடல் ஏறுவதைத் தடுத்து ஆற்றில் நன்னீரின் உயரத்தைக் காக்கும் நோக்கம் கொண்டது. பேராவூரணியில் கஜாவுக்குப் பிறகு கடைமடை விவசாயிகளும் இளைஞர்களும் ‘கைஃபா’ என்ற அமைப்பாகத் திரண்டு பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். அரசு இயந்திரத்தின் பெரிய வேலையும் ஊர்க்காரர்களின் சிறிய வேலையும் ஒரே பக்கம் பார்க்கின்றன.

செய்யக்கூடியது இதுதான். மேட்டூரை மூடுவதற்கு முந்தைய வாரங்களில் குளம் நிரப்புவதற்கென்று ஒரு டி.எம்.சி.யைத் தனியாக எழுதி வைக்க வேண்டும். பயிருக்கு விட்டது போக மிஞ்சினால் பார்க்கலாம் என்ற இன்றைய நடைமுறை போதாது. இரண்டு ஏக்கர் பரப்பும் இரண்டு மீட்டர் ஆழமும் உள்ள குளம் ஏறக்குறைய 1.6 கோடி லிட்டர் கொள்ளும், ஒரு டி.எம்.சி.யில் அப்படிப்பட்ட குளங்கள் 1,700க்கு மேல் நிரம்பும். வழியில் பாதி கசிந்தாலும் நட்டமில்லை, கசிவும் கிணற்றுக்குத்தான் போகிறது. 2024இல் நடந்தது போல அணை ஜூலை 28 வரை திறக்காத ஆண்டில், இந்த இருப்புதான் கிணறுகளைத் தாங்கும். குளத்துக்கு நீர் வரும் வாய்க்கால் அடைபட்டிருந்தால் இந்த ஒதுக்கீடு காகிதத்தோடு நின்றுவிடும். எந்தக் குளத்துக்கு எந்த வாய்க்காலிலிருந்து மதகு, இடையில் எவ்வளவு நீளம் ஆக்கிரமிப்பில் போனது என்பதை வருவாய்த் துறையின் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் வைத்து ஊர்வாரியாக எழுதிவிடலாம். பொதுப்பணிக் கணக்கில் ஆண்டுதோறும் தூர்வாரும் பட்டியலில் இந்த வரத்து வாய்க்கால்கள் முதலில் வர வேண்டும்; சேரியின் குளத்துக்குப் போகும் வாய்க்கால் அந்தப் பட்டியலின் தலையில் நிற்க வேண்டும். நிரம்பிய குளத்தைச் சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தையும் உப்பளவையும் பங்குனியில் ஒருமுறையும் வைகாசியில் ஒருமுறையும் அளந்து ஊராட்சிப் பலகையில் எழுதினால், அடுத்த ஆண்டு எத்தனை டி.எம்.சி. கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.